கௌரவ விரிவுரையாளருக்கு ஓட்டு: எந்த அவையில், எந்த விதிப்படி?

காலாப்பட்டில் தொடங்கி கடலூர் வழியாக அண்ணாமலைநகர் வரை போகிற ஒரே சாலையில் மூன்று விதமான பல்கலைக்கழகச் சட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் நாடாளுமன்றம் 1985இல் இயற்றிய சட்டப்படி நடக்கிறது. பக்கத்திலேயே பிள்ளைச்சாவடியில் இருக்கும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் புதுச்சேரி சட்டமன்றம் இயற்றிய சட்டம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ்நாடு அரசின் 2013ஆம் ஆண்டுச் சட்டம். கடலூர் மாவட்டக் கலைக் கல்லூரிகள் 2021இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தை விட்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக்குள் வந்தன.

சட்டம் வேறு வேறாக இருந்தாலும் இந்த நிறுவனங்களில் நிரந்தரப் பணியிடம் இல்லாத ஆசிரியர்களின் நிலைமை ஏறத்தாழ ஒன்றுதான். அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் என்பார்கள். மற்ற இடங்களில் கெஸ்ட், ஒப்பந்தம், தொகுப்பூதியம், ஹவர்லி. வகுப்பு எடுக்கிறார்கள், இன்டர்னல் மார்க் போடுகிறார்கள், விடைத்தாள் திருத்துகிறார்கள். எந்தத் தாளை நீக்குவது, எதைச் சேர்ப்பது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் பெரும்பாலும் அவர்களுக்கு நாற்காலி இல்லை. நாற்காலி இருந்தாலும் ஓட்டு இல்லை. இது மாற வேண்டும் என்பதுதான் என் நிலை. ஆனால் 'எங்களுக்கும் வாக்குரிமை வேண்டும்' என்று ஒரே வரியில் மனு கொடுத்தால் ஒன்றும் நகராது. எந்த அவையின் ஓட்டு, அதை எந்த விதி தடுக்கிறது, யார் அதைத் திருத்த முடியும் என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

முதலில் அவைகள். கீழே துறைக் கூட்டம். அதற்கு மேல் பாடத்திட்டக் குழு, அதாவது போர்டு ஆஃப் ஸ்டடீஸ். அதற்கு மேல் கல்விக்குழு என்கிற அகாடமிக் கவுன்சில். உச்சியில் ஆட்சிக்குழு, தமிழ்நாட்டில் சிண்டிகேட், மத்தியப் பல்கலைக்கழகத்தில் எக்சிக்யூட்டிவ் கவுன்சில். தமிழ்நாட்டுச் சட்டங்கள் பலவற்றில் செனட் என்கிற பேரவையும் உண்டு. இவை எல்லாவற்றிலும் ஆசிரியருக்கு இடம் கிடைக்கும் வழி ஒன்றல்ல. சில இடங்கள் தேர்தலால் நிரம்புபவை, சில பதவி வழியே வருபவை, சில நியமனம், சில பணிமூப்புச் சுழற்சி. மத்தியப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான ஆசிரியர் இடங்கள் மூப்புச் சுழற்சியில்தான் நிரம்புகின்றன. அங்கே 'வாக்களிக்க விடுங்கள்' என்று கேட்பதில் பொருளில்லை, ஏனென்றால் வாக்கெடுப்பே நடப்பதில்லை. மூப்புப் பட்டியலில் நிரந்தரப் பணியாளரின் பெயர் மட்டும்தான் ஏறும். ஆகவே பத்து ஆண்டு பாடம் நடத்திய ஒப்பந்த ஆசிரியரின் முறை எந்தக் காலத்திலும் வராது. அங்கே கேட்க வேண்டியது தனி இடம், அந்த இடத்துக்கு மட்டும் ஒரு தேர்தல்.

அடுத்தது வரையறை. எந்தச் சட்டத்தை எடுத்தாலும் 2ஆம் பிரிவை முதலில் பாருங்கள். மத்தியப் பல்கலைக்கழகச் சட்டங்களில் 'பல்கலைக்கழக ஆசிரியர்' என்பதற்குப் பேராசிரியர் முதலான பதவிகளைச் சொல்லிவிட்டு, கற்பிக்கவோ ஆராய்ச்சி செய்யவோ நியமிக்கப்பட்டு, ஆர்டினன்ஸ் என்கிற பல்கலைக்கழகத்தின் சொந்த விதிகளால் ஆசிரியர் எனக் குறிக்கப்பட்ட பிறரும் என்று சேர்த்திருப்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் 1923ஆம் ஆண்டுச் சட்டமும் இதே பாணிதான். ஸ்டாட்யூட்டுகள், அதாவது சட்டத்துக்குக் கீழே பல்கலைக்கழகம் வகுக்கும் விதிகள், யாரை ஆசிரியர் என்று அறிவிக்கின்றனவோ அவர்கள் ஆசிரியர். இரண்டிலும் சட்டம் கதவை மூடவில்லை. மூடுவது கீழே உள்ள விதி. சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றமோ சட்டமன்றமோ கூட வேண்டும். விதியைத் திருத்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த அவைகளும், தேவைப்பட்டால் வேந்தர் அல்லது குடியரசுத் தலைவர் ஒப்புதலும் போதும். கோரிக்கைக் கடிதத்தின் முகவரியே இதனால் மாறிவிடும். கல்வி அமைச்சருக்கு மனு மேல் மனு போடுகிறவர்கள் பல நேரம் பதிவாளர் மேசையில் தீர வேண்டிய ஒன்றைச் சென்னைக்கும் டெல்லிக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது தடை வெளிப்படையானது. கெஸ்ட் ஆசிரியர் குறித்த யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின் வழிகாட்டுதல், வகுப்பு ஒன்றுக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை என்று 2019இல் தொகையை உயர்த்தியது எல்லோருக்கும் தெரியும். அதே வழிகாட்டுதலில், பல்கலைக்கழகத்தின் சட்டப்பூர்வ அவைகளில் உறுப்பினராவதற்கான வாக்குரிமையில் கெஸ்ட் ஆசிரியர்கள் நிரந்தர ஆசிரியருக்கு இணையாகக் கருதப்பட மாட்டார்கள் என்றும் இருக்கிறது. நிர்வாகம் மறுக்கும்போது காட்டுகிற வரி இதுதான். இதை நிதானமாகப் படிக்க வேண்டும். ஒன்று, இது கெஸ்ட் ஆசிரியரைப் பற்றியது. யுஜிசியின் 2018 ஒழுங்குமுறைகளில் ஒப்பந்த ஆசிரியருக்குத் தனிப் பிரிவு இருக்கிறது: நிரந்தர ஆசிரியருக்குரிய அதே தகுதி, அதே தேர்வு முறை, உதவிப் பேராசிரியரின் மொத்த மாதச் சம்பளத்துக்குக் குறையாத ஊதியம், மொத்தப் பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அந்தப் பிரிவில் வாக்குரிமையைப் பறிக்கும் பேச்சு இல்லை. நிர்வாகம் இரண்டு வகையையும் ஒரே கட்டாகக் கட்டி ஒரே பதிலைத் தரும். நியமன ஆணையை எடுத்து, எந்த வகையில் நியமித்தார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு, அந்த வரி சட்டப்பூர்வ அவைகளில் உறுப்பினராவது பற்றியது. துறைக் கூட்டம், நூலகக் குழு, கால அட்டவணைக் குழு, ஐக்யூஏசி என்கிற உள்தர உறுதிக் குழு இவற்றைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. ஐக்யூஏசியில் மூன்று முதல் எட்டு ஆசிரியர் வரை இருக்கலாம் என்பதே விதி. அதில் ஓர் இடத்தைக் கௌரவ விரிவுரையாளருக்குத் தர முதல்வரின் ஒரு சுற்றறிக்கை போதும்.

தன்னாட்சிக் கல்லூரிகளில் கதவு இன்னும் கொஞ்சம் திறந்தே இருக்கிறது. புதுச்சேரியில் பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரியும் காஞ்சி மாமுனிவர் பட்டமேற்படிப்பு மையமும், கடலூரில் தூய வளனார் கல்லூரியும் தன்னாட்சி பெற்றவை. தன்னாட்சிக் கல்லூரிகளுக்கான யுஜிசி விதிமுறைகளில் பாடத்திட்டக் குழுவின் அமைப்பு இப்படி வரும்: துறைத்தலைவர் தலைவர், அந்தந்தச் சிறப்புப் பாடத்தின் ஆசிரியர் அனைவரும் உறுப்பினர், வெளியிலிருந்து வல்லுநர்கள், துணைவேந்தரின் பிரதிநிதி, தொழில்துறையிலிருந்து ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர். 'அனைவரும்' என்ற இடத்தில் நிரந்தரம் என்ற சொல் இல்லை. கல்விக்குழுவில் மட்டும் நான்கு ஆசிரியர்கள் பணிமூப்புச் சுழற்சியில் வருவார்கள் என்று கட்டுப்பாடு இருக்கிறது. அதிலும் ஆசிரியரின் பல்வேறு நிலைகளுக்குப் பிரதிநிதித்துவம் இருக்க வேண்டும் என்கிறது. தன்னாட்சிக் கல்லூரியில் வேலை பார்ப்பவர்கள் தொடங்க வேண்டிய இடம் பாடத்திட்டக் குழுதான். அங்கே விதியைத் திருத்தவே வேண்டாம். இருக்கிற விதியை எழுதியபடி நடத்தச் சொன்னால் போதும்.

இங்கே ஒரு முரணைச் சுட்டிக்காட்டாமல் இருக்க முடியவில்லை. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் 'நாக்' அமைப்பின் தரமதிப்பீட்டுக்குத் தகவல் தரும்போது, ஒரு முழுக் கல்வியாண்டில் முழுநேர ஆசிரியரின் வேலை மணியில் குறைந்தது 90 சதவீதம் வேலை பார்த்தவரை முழுநேர ஆசிரியர் என்று கணக்கில் எடுக்கலாம். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரக் கற்பித்தல் என்பது யுஜிசி கணக்கு. அந்தச் சுமையைச் சுமக்கிற கௌரவ விரிவுரையாளர் ஆசிரியர்–மாணவர் விகிதத்தைக் காட்டும் படிவத்தில் ஆசிரியராக எண்ணப்படலாம். அதே தரமதிப்பீட்டின் ஆறாவது அளவுகோல் ஆளுகையும் தலைமையும் பற்றியது. விகிதத்துக்கு எண்ணிக்கொண்ட ஆளை ஆளுகைக்கு எண்ணாமல் விடுவது நேர்மையில்லை. கோரிக்கைக் கடிதத்தில் விகிதத்துக்கு எண்ணிய ஆசிரியர் பட்டியல், அவை உறுப்பினர் பட்டியல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். எதிர்வாதம் எழுதுவது கடினம்.

இனி, உரிமை கிடைத்த பிறகும் அதை வெறுமையாக்கும் இடத்துக்கு வருவோம்: வாக்காளர் பட்டியல். 'தொடர்ச்சியாக இரண்டு ஆண்டு பணி' என்று ஒரு தகுதி வைத்தால் பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளருக்கு ஊதியம் 11 மாதத்துக்குத்தான். மே மாதம் இடைவெளி. மணிக்கணக்கில் எடுக்கிறவர்களுக்குப் பருவத்துக்குப் பருவம் புது ஆணை, அதுவும் வகுப்பு தொடங்கிப் பல வாரம் கழித்து வரும். எட்டு ஆண்டு வேலை பார்த்தவருக்கும் காகிதத்தில் தொடர்ச்சி இருக்காது. பட்டியல் தயாரிக்கும் நாளை மே மாதத்திலோ ஜூன் தொடக்கத்திலோ வைத்தால் அத்தனை பேரும் ஒரேயடியாகக் காணாமல் போவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ய வேண்டியதில்லை. தேதி ஒன்றே போதும்.

இதற்கு நல்ல முன்மாதிரி நம் நாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. சட்ட மேலவைகளுக்கு ஆசிரியர் தொகுதி உண்டு; அரசமைப்பின் 171ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் மேலவை 1986இல் கலைக்கப்பட்டது, புதுச்சேரிக்கு மேலவையே இல்லை, அதனால் இங்கே பலருக்கு இது நினைவில் இல்லை. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அந்தத் தொகுதியின் வாக்காளருக்கு வைத்த தகுதி, தகுதி நாளுக்கு முந்தைய ஆறு ஆண்டுக்குள் மொத்தமாகக் குறைந்தது மூன்று ஆண்டு கற்பித்திருக்க வேண்டும் என்பது. தொடர்ச்சி கேட்கவில்லை, மொத்தம் கேட்கிறது. பல்கலைக்கழக விதிக்கும் இதே அமைப்பு பொருந்தும்: கடந்த ஆறு பருவங்களில் மொத்தம் மூன்று பருவம், வாரத்துக்கு எட்டு மணிக்குக் குறையாமல். எட்டு என்பது உதவிப் பேராசிரியரின் கற்பித்தல் சுமையில் பாதி. இதைவிடக் குறைத்தால் ஒரு சிறப்புரைக்கு வந்து போனவரும் பட்டியலில் ஏறுவார். இதைவிடக் கூட்டினால் இரண்டு கல்லூரியில் பாதிப் பாதியாக மணி எடுத்துப் பிழைப்பவர் இரண்டிலும் விழுந்துவிடுவார். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் பேருந்தில் ஓடிக்கொண்டிருக்கும் அப்படிப்பட்டவர்கள் குறைவில்லை.

தேர்தல் முறையும் விளைவை மாற்றும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகச் சட்டங்கள் பலவற்றில் செனட் தேர்தல் ஒற்றை மாற்று வாக்கு முறையில் நடக்கும். சிலுவைக் குறி போடுவதில்லை. 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். செல்லும் வாக்கு 100, இடம் இரண்டு என்று வைத்துக்கொள்வோம். 100ஐ இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிய 3ஆல் வகுத்து, முழு எண்ணோடு 1 கூட்டினால் 34. அதுதான் வெற்றிக்கான ஒதுக்கு எண். 100 பேரில் 40 பேர் கௌரவ விரிவுரையாளர்கள் என்றால், அவர்கள் ஒருவருக்கே முதல் விருப்பம் தந்தால் அவர் உறுதியாக வருவார். அதே 100 பேர் ஆளுக்கு இரண்டு ஓட்டு என்று சாதாரணமாகப் போட்டால் மீதி 60 பேர் இரண்டு இடத்தையும் எடுத்துக்கொள்ள முடியும். ஓட்டு கிடைத்தும் பிரதிநிதி இல்லாமல் போவது இப்படித்தான். ஆகவே வாக்குரிமை கேட்கும்போது வாக்கெடுப்பு முறையையும் சேர்த்துக் கேளுங்கள். புதிதாக வாக்களிப்பவருக்கு ஒரு பயிற்சியும் வேண்டும்: 1 என்று எழுதாத தாளும், இரண்டு பெயருக்கு எதிரே 1 எழுதிய தாளும் செல்லாது. 2, 3 எழுதாமல் விட்டாலும் தாள் செல்லும்; அடுத்தவருக்கு மாறாது, அவ்வளவுதான்.

எதிர்த்துச் சொல்லப்படுவதில் கனமான வாதம் ஒன்று உண்டு. பணிநீட்டிப்பு துறைத்தலைவர் கையிலோ முதல்வர் கையிலோ இருக்கிறவர் சுதந்திரமாக எப்படி வாக்களிப்பார், நிர்வாகத்துக்கு இருபது கை கூடுதலாகக் கிடைத்ததாகத்தானே ஆகும் என்கிறார்கள் நிரந்தர ஆசிரியர்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்காக அந்த இருபது பேரையும் வெளியே நிறுத்துவது சரியான மருந்தில்லை. கை தூக்கும் வாக்கெடுப்பை நிறுத்தி, ஆளைப் பற்றிய எல்லா முடிவையும் ரகசிய வாக்கெடுப்பாக்க வேண்டும். வாக்குச் சீட்டு எல்லோருக்கும் ஒரே நிறம், ஒரே பெட்டி. ஒரு துறையில் கெஸ்ட் மூன்று பேர்தான் என்றால், துறைவாரியாக எண்ணினாலே யார் யாருக்குப் போட்டார்கள் என்று தெரிந்துவிடும். கலந்து எண்ண வேண்டும். பணிநீட்டிப்புக்கான அளவுகோல் முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும், மறுத்தால் காரணம் எழுத்தில் தர வேண்டும், அவைப் பணியில் சொன்ன கருத்து காரணமாகக் கூடாது என்று விதியிலேயே இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்த விவாதம் நம்மைவிட முன்பே தொடங்கியது. அங்கே டெனூர் என்கிற நிரந்தரப் பாதுகாப்பு இல்லாத பணியில் இருந்த ஆசிரியர்கள் 1987இல் ஏறத்தாழ 47 சதவீதம். 2021இல் 68 சதவீதம். அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் 2013இல் வெளியிட்ட அறிக்கை, முழுநேரம் பகுதிநேரம் என்ற பேதமில்லாமல் வாக்களிக்கவும் பொறுப்புக்கு நிற்கவும் எல்லா ஆசிரியருக்கும் ஒரே தகுதி வேண்டும் என்றது. குறைந்தபட்சப் பணிக்காலம் வைக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. அவைப் பணிக்குத் தனியே ஊதியம், பழிவாங்கலிலிருந்து பாதுகாப்பு இரண்டையும் சேர்த்தே கேட்டது. நிரந்தர ஆசிரியரின் மதிப்பீட்டில் மற்றவர் பங்கைக் கட்டுப்படுத்தலாம் என்றும், நிரந்தரமல்லாதவரின் மதிப்பீட்டில் அவர்களின் சகாக்களுக்குப் பங்கு வேண்டும் என்றும் சொன்னது. இந்த விலக்கு நமக்கும் ஏற்றதுதான். பணி மேம்பாட்டுத் திட்டத்தில் ஒருவர் இணைப் பேராசிரியர் ஆவதா இல்லையா என்பதில் கௌரவ விரிவுரையாளருக்கு ஓட்டு கேட்பது தேவையற்ற பகையைத்தான் வளர்க்கும். பாடத்திட்டம், தேர்வு, கால அட்டவணை, ஆய்வகம், நூலகம் இவற்றில் முழு ஓட்டு கேளுங்கள். அரை ஓட்டு, கால் ஓட்டு என்று பேரம் வந்தால் ஏற்க வேண்டாம். 'சிறப்பு அழைப்பாளர்' என்ற இடமும் அப்படித்தான், தேநீர் கிடைக்கும், மினிட்ஸில் எதிர்ப்பு பதிவாகாது.

நிர்வாகம் வெளியே சொல்லாத பயம் வேறு. உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் தந்த தீர்ப்பு, தற்காலிகமாக எடுக்கப்பட்டவர் நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்றது. அதன்பின் நியமன ஆணைகள் எல்லாம் எந்த உரிமையும் கோர மாட்டேன் என்ற வாசகத்தோடு வருகின்றன. குழுவில் உட்கார வைத்தால், 'என்னை நிரந்தர ஆசிரியரைப் போலத்தான் நடத்தினார்கள்' என்று நாளை நீதிமன்றத்தில் காட்டுவார்களே என்று பதிவாளர் அலுவலகம் யோசிக்கும். பணிநிரந்தரம் வேறு போராட்டம், அது நியாயமான போராட்டம். ஆனால் இந்தக் கோரிக்கையை அதனோடு கட்டினால் இரண்டும் நகராது. அவைப் பங்கேற்பு நிரந்தரத்துக்கு ஆதாரமாகாது என்று விதியிலேயே ஒரு வரி எழுதிக் கொடுத்தால் பாதித் தயக்கம் போய்விடும். நிரந்தரம் இல்லாவிட்டாலும் முழு உரிமை தர முடியும் என்பதற்கு உதாரணமும் இருக்கிறது: பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டம் 'பணியாளர்' என்றால் நிரந்தரம், தற்காலிகம், அட்-ஹாக், தினக்கூலி எல்லோரும் என்று சொல்லிவிட்டது.

நடைமுறைச் சிக்கல்களில் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, முக்கியமானது. ஒன்பது பேர் அவையில் மூன்றில் ஒரு பங்கு மூன்று. பன்னிரண்டு பேரைச் சேர்த்தால் இருபத்தொன்று, கோரம் ஏழு. மே மாதத்தில் பன்னிரண்டு பேரும் பணியில் இல்லை, விடைத்தாள் திருத்தும் முகாமில் நிரந்தர ஆசிரியர் நான்கு பேர் போய்விட்டார்கள் என்றால் கூட்டமே செல்லாது. பழியைப் புதியவர்கள் மேல்தான் போடுவார்கள். கூட்ட நாளில் பணியில் இருப்பவர் எண்ணிக்கையில் கோரம் கணக்கிடப்படும் என்று எழுதிவிடுங்கள். நேரமும் அப்படித்தான். அரசுக் கல்லூரிகளில் இரண்டாம் சுழற்சி வகுப்புகளைப் பெரும்பாலும் கௌரவ விரிவுரையாளர்கள்தான் எடுக்கிறார்கள். மதியம் இரண்டு மணிக்குக் கூட்டம் வைத்தால் அவர்கள் வகுப்பில் இருப்பார்கள். மணிக்கணக்கில் ஊதியம் பெறுபவருக்கு இரண்டு மணி நேரக் கூட்டம் என்பது இரண்டு வகுப்பின் பணம் போவது. கூட்ட நேரம் கற்பித்தல் நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும்.

துறைக் கூட்டத்திலோ பாடத்திட்டக் குழுவிலோ வைக்க ஒரு வரைவு, தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

'இவ்விதியின் நோக்கத்துக்கு ஆசிரியர் என்பது, பட்டியல் நாளுக்கு முந்தைய ஆறு பருவங்களில் மொத்தம் மூன்று பருவமாவது வாரத்துக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் இந்நிறுவனத்தில் கற்பித்த எவரையும், நியமன வகை எதுவாயினும், குறிக்கும். பருவ இடைவெளி பணி முறிவாகாது. பட்டியல் நாள் ஆகஸ்ட் 31. நிரந்தர ஆசிரியரின் பதவி உயர்வு தவிர்த்த எல்லாப் பொருளிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு முழு வாக்கு. அவையில் தெரிவித்த கருத்தோ அளித்த வாக்கோ பணிநீட்டிப்பை மறுக்கக் காரணமாகாது. அவையில் பங்கேற்றது பணிநிரந்தரக் கோரிக்கைக்கு ஆதாரமாகாது.'

ஆகஸ்ட் 31 என்று வைத்ததற்குக் காரணம், தாமதமாக வரும் நியமன ஆணைகளும் அதற்குள் பெரும்பாலும் வந்திருக்கும். வரைவைக் கொண்டுபோகும் முன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மூன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: கடைசியாக வெளியான வாக்காளர் பட்டியல் அல்லது மூப்புப் பட்டியல், ஆசிரியரை வரையறுக்கும் ஸ்டாட்யூட் அல்லது ஆர்டினன்ஸ், திருத்தங்களோடு, கடந்த இரண்டு ஆண்டுப் பாடத்திட்டக் குழு மினிட்ஸ். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். 'ஏன் எங்களைச் சேர்க்கவில்லை' என்று கேட்காதீர்கள். காரணம் கேட்கும் கேள்வியைத் தகவல் இல்லை என்று தள்ளிவிடலாம். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள். மினிட்ஸ் கையில் வந்ததும் ஒவ்வொரு தீர்மானத்தின் கீழும் கையெழுத்திட்டவர்கள் யார், அந்தத் தாளை அந்தப் பருவத்தில் வகுப்பில் நடத்தியவர் யார் என்று இரண்டு பத்தியாக ஒரு அட்டவணை போட்டு வரைவோடு இணைத்துவிடுங்கள்.